டாஹெலஸ்: கலைஞர்கள் இருந்த கட்டடம் வாடகை வளாகமான கதை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பெர்லினுக்கு வரும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் பழைய பயணக் கட்டுரை எதையாவது படித்துவிட்டு, "அந்தக் கிறுக்கல் போட்ட பாழடைந்த கட்டடத்துக்குக் கூட்டிப் போங்க" என்பார்கள். கூட்டிப் போனால் எதிரே நிற்பது கண்ணாடியும் செங்கலுமாகப் புத்தம்புதுக் கட்டடங்கள். அப்புறம் கேள்விகள் ஆரம்பிக்கும். யார் வந்தாலும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதிலும் சொல்லியிருக்கிறேன்.

"டாஹெலஸ்னா என்ன? ஹோட்டலா, மியூசியமா?"

பெர்லினின் மையப் பகுதியான மிட்டேயில், ஒரானியன்புர்கர் தெருவில் இருக்கும் ஒரு பழைய கட்டடம். 1990 முதல் 2012 வரை ஓவியர்கள், சிற்பிகள், இசைக்காரர்கள், நாடகக்காரர்கள் எல்லாரும் அதில் வேலை செய்தார்கள். வெளியூர்க்காரர்களுக்குப் பெர்லின் சுவர் எவ்வளவு தெரியுமோ, ஒரு காலத்தில் இந்தக் கட்டடமும் கிட்டத்தட்ட அவ்வளவு தெரியும். இப்போது அந்தப் பழைய கட்டடத்தில் ஒரு தனியார் புகைப்பட அருங்காட்சியகம் வாடகைக்கு இருக்கிறது. சுற்றியிருந்த காலி மனையில் அலுவலகம், கடை, வீடு என்று ஒரு வளாகமே எழும்பிவிட்டது. அதற்கும் டாஹெலஸ் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

"கலைஞர்கள் வர்றதுக்கு முன்னாடி அது என்ன கட்டடம்?"

அதுவே ஒரு வணிக வளாகம்தான். இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. ஃப்ரீட்ரிஷ் தெருவையும் ஒரானியன்புர்கர் தெருவையும் இணைக்கும் மூடிய கடைவீதியாக, நடுவில் பெரிய குவிமாடத்தோடு, 1907–08இல் ஃப்ரான்ஸ் ஆரன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. கடைக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து தொடங்கிய அந்த வியாபாரம் சில மாதங்களிலேயே திவாலானது. அடுத்து வெர்ட்ஹைம் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் வாடகைக்கு எடுத்துப் பல்பொருள் அங்காடி நடத்தினார். முதல் உலகப் போருக்குள் அதுவும் மூடப்பட்டது. 1928இல் ஆ.எ.கே. என்ற மின்சாதன நிறுவனம் தன் பொருள்களைக் காட்சிக்கு வைக்க இதை எடுத்துக்கொண்டது. பிறகு நாஜிகளின் அலுவலகங்கள். போர்க்காலத்தில் பிரெஞ்சுக் கைதிகளை மேல்தளத்தில் அடைத்து வைத்திருந்தார்கள்.

போரில் கட்டடத்தின் ஒரு பகுதி சேதமானது. கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் தொழிற்சங்கக் கூட்டமைப்பு, திரையரங்கு என்று துண்டுதுண்டாகப் பயன்பட்டது. பராமரிக்க மனமில்லாமல் 1980இல் இடிக்க ஆரம்பித்தார்கள். குவிமாடம் போயிற்று, பெரும்பகுதி போயிற்று. ஒரானியன்புர்கர் தெருப் பக்கம் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது. அதையும் 1990 ஏப்ரலில் வெடிவைத்துத் தகர்ப்பதாகத் திட்டம்.

"பூட்டிக் கிடக்கிற கட்டடத்துக்குள்ள புகுந்தா போலீஸ் சும்மா விடுமா?"

அந்த நேரத்தில் விட்டது. 1989 நவம்பர் 9ஆம் தேதி சுவர் திறந்தது. இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றானது 1990 அக்டோபர் 3. இடைப்பட்ட மாதங்களில் கிழக்கு பெர்லினில் யார் உத்தரவு செல்லும் என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. மேற்கே ஓடிப்போனவர்கள் விட்டுச் சென்ற வீடுகள் காலியாகக் கிடந்தன. அந்த ஒரு வருடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் ஆட்கள் குடியேறினார்கள். 1990 பிப்ரவரி 13ஆம் தேதி ஒரு கலைஞர் குழு இந்தக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் அப்படித்தான்.

அவர்கள் செய்த கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. உள்ளே உட்கார்ந்துகொண்டு கோஷம் மட்டும் போடவில்லை, கட்டடத்தின் உறுதியை மறுபடி ஆய்வு செய்ய வைத்தார்கள். முந்தைய அறிக்கைகள் இடிக்கச் சொன்ன கட்டடம் நன்றாகத்தான் நிற்கிறது என்று புது அறிக்கை வந்தது. இடிப்பு நின்றது. 1992இல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் இடம்பிடித்தது. அதனால் இன்று அந்தச் சுவர்கள் நிற்பதே கலைஞர்களால்தான். அதிகாரிகள் கையில் மட்டும் விட்டிருந்தால் இந்தப் பக்கத்துக்கே வேலை இருந்திருக்காது.

இந்தத் தளர்வு எல்லாருக்கும், எப்போதும் கிடைத்தது என்று நினைக்க வேண்டாம். அதே வருடம் நவம்பரில் மைன்ட்ஸர் தெருவில் குடியேறியிருந்தவர்களை வெளியேற்ற மூவாயிரம் போலீஸ்காரர்கள் வந்தார்கள்.

"இதை ஆர்ட்டிஸ்ட் ரெசிடென்சின்னு சொல்லலாமா? ஆக்கிரமிப்புதானே?"

தொடக்கம் ஆக்கிரமிப்பு. பிறகு பதிவு செய்த ஒரு சங்கம், அப்புறம் ஒப்பந்தத்தோடு குத்தகை. வழக்கமான ரெசிடென்சியில் ஒரு குழு விண்ணப்பங்களைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கும், சில மாதங்களுக்கு அறையும் உதவித்தொகையும் கொடுக்கும், காலம் முடிந்தால் அடுத்தவர் வருவார். பெர்லினிலேயே க்ராய்ட்ஸ்பெர்கில் பழைய மருத்துவமனை ஒன்றில் 1970களின் நடுவில் தொடங்கிய பெத்தானியன் கலைஞர் இல்லம் அந்த வகை.

டாஹெலஸில் அந்த ஒழுங்கு கிடையாது. ஆனாலும் உலகின் பல பக்கங்களிலிருந்து கலைஞர்கள் வந்து, கொஞ்ச காலம் இருந்து வேலை செய்து போனார்கள் என்ற அளவில் அது ரெசிடென்சி செய்கிற வேலையைச் செய்தது. பெயரில் பெரிய சண்டை வேண்டாம். சொல்லப்போனால், முறையாக நடந்த பெத்தானியன் இல்லமும் 2010இல் அந்த மருத்துவமனைக் கட்டடத்தைவிட்டு வேறு இடத்துக்கு மாற வேண்டி வந்தது. ஒழுங்காக இருந்தால் இடம் நிலைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

"உள்ள என்னதான் இருந்துச்சு? எல்லாரும் அங்கேயே குடியிருந்தாங்களா?"

ஐந்து மாடி. மேல்தளங்களில் ஏறக்குறைய முப்பது பட்டறைகள். நாடகமும் நடனமும் நடக்கும் ஒரு கூடம், ஒரு திரையரங்கு, கீழே கஃபே, இன்னும் மேலே ஒரு மதுக்கூடம். பின்னால் திறந்த மனையில் இரும்பு வெட்டி ஒட்டும் சிற்பிகள். மாடிப்படி முழுக்கத் தரையிலிருந்து கூரை வரை கிறுக்கலும் சுவரொட்டியும். சிறுநீர் வாடையும் உண்டு. பழைய ஆட்கள் பேசும்போது இதை விட்டுவிடுவார்கள்.

ஆரம்ப வருடங்களில் சிலர் அங்கேயே படுத்து எழுந்தார்கள். ஆனால் பெரும்பாலும் அது வேலை செய்யும் இடம், வீடு இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு முக்கியமான கேள்விக்கு இது தேவைப்படும்.

"மாசம் ஒரு மார்க் வாடகையாமே, நிஜமா? ஓனருக்கு அதுல என்ன லாபம்?"

நிஜம். மனையும் கட்டடமும் ஒன்றிணைந்த ஜெர்மனியில் மத்திய அரசின் கைக்கு வந்தன. 1998இல் ஃபுண்டுஸ் என்ற ரியல் எஸ்டேட் குழுமம் அதை வாங்கியது. பெர்லினின் புகழ்பெற்ற அட்லான் ஹோட்டலைத் திரும்பக் கட்டிய அதே குழுமம்தான். அவர்கள் கலைஞர் சங்கத்தோடு பத்து வருட ஒப்பந்தம் போட்டார்கள், மாதம் ஒரு மார்க். யூரோ வந்ததும் அது 50 சென்ட் ஆனது.

லாபம் எங்கே என்றால், காலத்தில். அந்தப் பெரிய மனையில் ஒரு புதிய நகர்ப்பகுதியே கட்டுவது அவர்கள் திட்டம். வரைபடம், அனுமதி, கடன் எல்லாவற்றுக்கும் பல வருடம் ஆகும். அதுவரை கட்டடத்தைச் சும்மா பூட்டி வைத்தால் காவல் போட வேண்டும், மறுபடி யாராவது புகுந்துவிடுவார்கள், நகரத்தில் கெட்ட பெயரும் வரும். உள்ளே ஆள் இருந்தால் இதெல்லாம் இல்லை. அத்தோடு அனுமதியில்லாமல் இருந்தவர்கள் கையெழுத்துப் போட்டுக் குத்தகைக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள், வெளியேற வேண்டிய தேதியும் எழுத்தில் வந்துவிடுகிறது. 2008 டிசம்பர் 31. ஒரு மார்க் வாடகையைப் பலர் தர்மமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது அந்தத் தேதிக்குக் கொடுத்த விலையாகத்தான் தெரிகிறது. அன்றைக்கு சங்கத்துக்கு வேறு நல்ல வழி இருந்ததா என்றால், அதுவும் இல்லை.

"பன்னிரண்டு வருஷம் அனுபவிச்சா இடம் நம்ம பேருக்கு வந்துடுமே, அவங்க ஏன் கேஸ் போடலை?"

நம் ஊரிலிருந்து வருகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்பார்கள். முதலில் நம் ஊர்க் கணக்கையே சரியாகச் சொல்லிவிடலாம். இந்தியாவில் எதிரிடை அனுபோகத்துக்கு 12 வருடம் என்பது தனியார் நிலத்துக்கு. அரசு நிலம் என்றால் 30 வருடம். அதுவும் உரிமையாளர் சம்மதம் இல்லாமல், வெளிப்படையாக, தன்னுடையது என்று சொல்லி அனுபவித்திருக்க வேண்டும். வாடகைக்கோ குத்தகைக்கோ இருந்தவர் எத்தனை வருடம் இருந்தாலும் இது பொருந்தாது.

ஜெர்மனியில் கதவு இன்னும் இறுக்கம். நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவர் வெறுமனே அனுபவித்து உரிமை கொண்டாட 30 வருடம் ஆக வேண்டும். அத்தோடு பதிவில் உள்ள உரிமையாளர் இறந்திருக்க வேண்டும், அல்லது காணாமல் போயிருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. டாஹெலஸில் அனுபவம் மொத்தம் 22 வருடம், அதிலும் பத்து வருடம் ஒப்பந்தத்தின் கீழ், உரிமையாளரும் கண்ணெதிரே இருக்கிறார். வழக்குப் போட அங்கே ஒன்றும் இல்லை.

"ஜெர்மனியில வாடகைக்கு இருக்கறவங்களை லேசுல காலி பண்ண வைக்க முடியாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

சொல்வேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் அது வீட்டுக்கு. குடியிருக்கும் வீடு என்றால் உரிமையாளர் சட்டம் ஏற்கும் காரணம் காட்ட வேண்டும், வாடகையை நினைத்தபடி ஏற்ற முடியாது. ஓவியப் பட்டறை சட்டத்தின் கண்ணில் வீடு அல்ல. பல் மருத்துவர் அறையும் காய்கறிக் கடையும் எந்தக் கணக்கோ, அதே வணிக வாடகைக் கணக்கு. அங்கே காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தை முடிக்கலாம். காலக்கெடு போட்ட ஒப்பந்தமாக இருந்தால் முடிக்கவே வேண்டாம், தேதி வந்ததும் தானாக முடிந்துவிடும். வாடகைக்கு உச்சவரம்பும் கிடையாது. பட்டறையில் கட்டில் போட்டுப் படுப்பதால் அது வீடாகிவிடாது.

பெர்லின் கலைஞர்கள் ஒவ்வொரு வருடமும் இடம் இழப்பதற்குப் பின்னால் பெரிய சதி எதுவும் தேவையில்லை, இந்த ஒரு வித்தியாசம் போதும். வீட்டுக்குப் போராடினால் சட்டம் கூட நிற்கும், பட்டறைக்குப் போராடினால் பத்திரிகை மட்டும்தான் கூட நிற்கும்.

"ஹெரிடேஜ் பட்டியல்ல இருந்தும் எப்படி வித்தாங்க?"

பட்டியல் காப்பாற்றுவது கல்லையும் சுண்ணாம்பையும். இடிக்கக் கூடாது, முகப்பை மாற்றக் கூடாது, உள்ளே வேலை செய்தால் அனுமதி வாங்கு என்று சொல்லும். உள்ளே யார் இருக்க வேண்டும், என்ன வாடகை என்பதில் அது தலையிடாது. விற்கவும் தடை இல்லை.

பழைய கட்டடத்தில் கலைப் பயன்பாடு தொடர வேண்டும் என்று ஒரு நிபந்தனை தனியாக இருந்தது. அதனால்தான் அங்கே சொகுசு வீடு வராமல் அருங்காட்சியகம் வந்தது. ஆனால் கலை என்று எழுதினார்களே ஒழிய, எந்தக் கலைஞர், எத்தனை ரூபாய்க்கு என்று எழுதவில்லை. டிக்கெட் விற்கும் தனியார் நிறுவனமும் அந்த நிபந்தனைக்குள் அடங்கும்.

"ஒப்பந்தம் 2008ல முடிஞ்சுதுன்னா 2012 வரைக்கும் எப்படி இருந்தாங்க?"

உரிமையாளரே தடுமாறியதால். ஃபுண்டுஸ் தரப்பு வாங்கிய கடன் திரும்பவில்லை. கடன் கொடுத்த ஹாஎஸ்ஹா நோர்ட்பாங்க் என்ற வங்கி, சொத்தை நீதிமன்றம் நியமித்த நிர்வாகியிடம் விட்டு, ஏலத்துக்குக் கொண்டுவரப் பார்த்தது. 2011 ஏப்ரலில் வைத்திருந்த ஏலம் கடைசி நேரத்தில் ரத்தானது. ஆள் நிற்கும் கட்டடத்துக்கு நல்ல விலை வராது என்பதால் முதலில் காலி செய்வதில் வங்கி குறியாக இருந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. அந்த வங்கியின் பெரும்பங்கு அப்போது ஹாம்புர்க், ஷ்லெஸ்விக்–ஹோல்ஸ்டைன் என்ற இரண்டு மாநில அரசுகளிடம் இருந்தது. 2008 நிதி நெருக்கடியில் மூழ்கப் போனதை அந்த மாநிலங்கள் 300 கோடி யூரோ போட்டுத் தூக்கிவிட்டன. மக்கள் பணத்தில் பிழைத்த வங்கி, மக்கள் பார்க்க வந்த இடத்தைக் காலி செய்யச் சொன்னது.

"கடைசியில காசு வாங்கிட்டுப் போயிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். உண்மையா?"

பாதி உண்மை. 2011 ஏப்ரலில் கீழ்த்தளத்தில் கஃபே, திரையரங்கு போன்றவற்றை நடத்திய ஒரு தரப்பு 10 லட்சம் யூரோ வாங்கிக்கொண்டு வெளியேறியது. பணம் ஒரு வழக்கறிஞர் மூலம் வந்தது. கொடுத்தவர் யார் என்பதை அவர் அப்போது வெளியிடவில்லை. மேல்மாடிப் பட்டறைக்காரர்கள் பலர் அதில் சேரவில்லை. அவர்கள் 2012 செப்டம்பர் 4 வரை இருந்தார்கள். அன்று நீதிமன்ற அமீனா வந்தார், போலீஸ் வந்தது, கைகலப்பு இல்லாமல் எல்லாரும் வெளியே போனார்கள்.

ஏன் ஒரே அணியாக நிற்கவில்லை என்றால், பிளவு அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. வாடகை ஒரு மார்க் என்றாலும் மின்சாரம், தண்ணீர், குப்பை எல்லாம் யாராவது கட்டியாக வேண்டும். கீழே வியாபாரம் நடக்கிறது, மேலே படம் விற்றால்தான் காசு. யார் பங்கு எவ்வளவு என்று சங்கமும் கஃபேயும் வருடக்கணக்கில் நீதிமன்றத்தில் மோதின. சங்கம் திவால் நிலைக்கே போனது. வெளியிலிருந்து வந்த வங்கியை மட்டும் வில்லனாக்கிக் கதை சொல்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

"அரசாங்கமே வாங்கிக் கொடுத்திருக்கலாமே?"

1998இல் விற்றதே அரசுதான் என்பதை மேலே பார்த்தோம். பிறகு வாங்க நினைத்தாலும் பெர்லின் மாநிலத்துக்கு வக்கு இல்லை. 2001இல் மாநிலத்துக்குச் சொந்தமான வங்கிக் குழுமம் கவிழ்ந்ததிலிருந்து நகரம் கடனில் தத்தளித்தது. பத்து வருடத்தில் கடன் 6,000 கோடி யூரோ பக்கம் போனது. இருக்கும் சொத்தையே விற்றுக்கொண்டிருந்தார்கள். 2004இல் கேஎஸ்வே என்ற பொது வீட்டுவசதி நிறுவனத்தை ஏறக்குறைய 65,000 வீடுகளோடு முதலீட்டாளர்களுக்குக் கொடுத்தார்கள். அந்த மனநிலையில் இருந்த நகரம், மையப் பகுதியில் ஒரு பெரிய மனையைக் கலைஞர்களுக்காக வாங்கும் என்று எதிர்பார்ப்பது கஷ்டம்.

போக்கு பின்னால் மாறியது. அலெக்சாண்டர் சதுக்கத்தில் காலியாகக் கிடந்த பழைய புள்ளியியல் துறைக் கட்டடத்தை விற்கப் போனபோது, 2015இல் கலைஞர்கள் அதன்மேல் பெரிய பதாகை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். 2017இல் மாநிலமே அதை மத்திய அரசிடமிருந்து வாங்கிக்கொண்டது. டாஹெலஸ் அந்த மாற்றத்துக்கு ஐந்து வருடம் முந்திவிட்டது.

"இப்ப யார் கையில இருக்கு? என்னதான் கட்டியிருக்காங்க?"

2014இல் பெரெல்லா வைன்பெர்க் என்ற அமெரிக்க நிதி நிறுவனத்தின் நிதியங்கள் 15 கோடி யூரோவுக்கு வாங்கின. மொத்த வரைபடம் ஸ்விட்சர்லாந்தின் ஹெர்ட்ஸோக் அண்டு டி மியூரோன் என்ற கட்டடக் கலை நிறுவனத்துடையது. லண்டன் டேட் மாடர்னை மின்நிலையத்திலிருந்து அருங்காட்சியகமாக மாற்றியவர்கள். சுமார் 25,000 சதுர மீட்டர் மனையில், நம் கணக்கில் ஆறு ஏக்கருக்கு மேல், அலுவலகங்கள், கடைகள், இருநூறுக்கும் அதிகமான வீடுகள். ஃபைசர் மருந்து நிறுவனத்தின் ஜெர்மன் தலைமையகம் இங்கேதான் இருக்கிறது. 1908இல் இருந்ததுபோல ஃப்ரீட்ரிஷ் தெருவிலிருந்து உள்ளே புகுந்து ஒரானியன்புர்கர் தெருவில் வெளியே வரலாம். வணிக வளாகமாகப் பிறந்தது வணிக வளாகத்துக்கே திரும்பியிருக்கிறது.

பழைய கட்டடத்தில் இருப்பது ஃபோட்டோகிராஃபிஸ்கா. 2010இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய தனியார் புகைப்பட அருங்காட்சியகம், பெர்லின் கிளை 2023 செப்டம்பரில் திறந்தது. மாடிப்படிக் கிறுக்கல்களை அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் யாரும் காசு கேட்காத படிக்கட்டை இப்போது டிக்கெட் வாங்கி ஏறிப் பார்க்கலாம். கண்காட்சிகள் நன்றாகவே இருக்கின்றன, அதை மறுக்க முடியாது. போக வேண்டுமென்றால் யு6 ரயிலில் ஒரானியன்புர்கர் டோர் நிறுத்தம், அங்கிருந்து நடை. இரவு வெகுநேரம் திறந்திருக்கும் என்பதால் பகலில் வேறு இடங்களைப் பார்த்துவிட்டு வரலாம். வளாகத்துக்குள் சும்மா நடக்கக் காசு இல்லை.

"அண்ணை, அங்க இருந்த சனமெல்லாம் இப்ப எங்கை?"

சிதறிவிட்டார்கள். இரும்புச் சிற்பிகள் சிலர் நகரின் கிழக்கு ஓரத்தில், மர்ட்சானில் பழைய கட்டடங்களுக்குப் போனார்கள். சிலர் ஊரைவிட்டே போனார்கள், சிலர் தொழிலை விட்டார்கள். படங்களைக் கொண்டுபோய்விடலாம். தெருவில் போகிறவர் தற்செயலாக உள்ளே வந்து ஒரு படம் வாங்கிப் போகும் அந்தக் கூட்டத்தைக் கொண்டுபோக முடியவில்லை. மர்ட்சானுக்கு யாரும் தற்செயலாகப் போவதில்லை.

"கலைஞர்களாலதான் அந்த ஏரியா விலை ஏறிச்சு, அப்ப தப்பு அவங்க பேர்லயும்தானே?"

இந்த வாதத்தில் எனக்குப் பாதிதான் உடன்பாடு. கலைஞர்கள் கூட்டத்தைக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் மிட்டே என்பது சுவர் விழுந்த பிறகு ஐரோப்பாவின் பெரிய தலைநகர் ஒன்றின் நடுமையம். 1999இல் அரசும் நாடாளுமன்றமும் பான் நகரிலிருந்து இங்கே வந்தன. அங்கிருந்து நாடாளுமன்றம் நடக்கிற தூரம்தான். ஒரு ஓவியரும் தூரிகை எடுக்காமல் இருந்திருந்தாலும் அந்த மனையின் விலை ஏறியிருக்கும்.

கலைஞர்கள் சேர்த்தது பெயரை. அந்தப் பெயரைப் புது உரிமையாளர் காசு கொடுக்காமல் எடுத்துக்கொண்டார், வளாகத்தின் பெயர்ப்பலகையில் இருக்கிறது. குறை சொல்ல வேண்டுமென்றால் அந்த இடத்தில் சொல்லலாம்.

"இதே மாதிரி இருந்து தப்பிச்ச இடம் ஏதாவது இருக்கா?"

இருக்கின்றன. பாரிஸில் ரிவோலி தெரு 59ஆம் எண் கட்டடத்தில் 1999இல் கலைஞர்கள் புகுந்தார்கள். 2002இல் நகராட்சி அதை வாங்கியது, பழுது பார்த்து 2009இல் அவர்களிடமே பட்டறைகளாகத் திறந்து கொடுத்தது. இன்றும் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

பெர்லினிலேயே எனக்கு மிகவும் பிடித்தது வெட்டிங் பகுதியில் உள்ள எக்ஸ்ரோட்டாபிரிண்ட். அச்சு இயந்திரத் தொழிற்சாலையாக இருந்த வளாகம். மாநிலம் விற்கப் போகிறது என்றதும் உள்ளே வாடகைக்கு இருந்தவர்களே ஒன்றுசேர்ந்தார்கள். 2007இல் இரண்டு அறக்கட்டளைகள் நிலத்தை வாங்கின. கட்டடத்தை இவர்களுடைய லாபநோக்கற்ற நிறுவனம் 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. நிலத்தை லாபத்துக்கு மறுவிற்பனை செய்ய வழி இல்லாதபடி ஒப்பந்தம். கலைஞர்கள், சிறு தொழில்கள், சமூக அமைப்புகள் மூன்றுக்கும் இடம் உண்டு. டாஹெலஸ் அளவுக்குப் பெயர் கிடையாது, யாரும் படம் எடுக்கக் கூட்டமாக வருவதும் இல்லை.

நியூயார்க்கின் செல்சி ஹோட்டல் தப்பியதற்கும் போனதற்கும் நடுவில் நிற்கிறது. கலைஞர்களின் புகலிடமாகப் பேர்போன அது 2011இல் விற்கப்பட்டது, விருந்தினரை அனுப்பிவிட்டு நீண்ட வேலை நடந்தது, 2022இல் சொகுசு ஹோட்டலாகத் திறந்தது. ஆனால் பழைய குடித்தனக்காரர்களில் ஒரு பகுதியினர் அதே ஹோட்டலுக்குள் பழைய கட்டுப்பாட்டு வாடகையில் தொடர்ந்தார்கள். அவர்கள் இருந்தது வீடு, பட்டறை அல்ல. மேலே சொன்ன வித்தியாசம்தான்.

"நம்ம சோழமண்டலம் மாதிரியா இது?"

பார்வைக்கு ஒற்றுமை உண்டு, அடிப்படை வேறு. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னை ஓவியர்கள் பாட்டிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். அன்றைக்கு அது ஊருக்கு வெளியே மணல்காடு. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை மனை விலையை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கலைஞர் கிராமம் அங்கேயே இருக்கிறது, பத்திரம் அவர்கள் கையில் இருந்ததால்.

"நான் ஓவியம் பண்றேன், பெர்லின்ல ஸ்டூடியோ எடுக்கப் போறேன். ஒப்பந்தத்துல எதைப் பார்க்கணும்?"

வாடகையைக் கடைசியில் பாருங்கள். முதலில் காலம். காலக்கெடு இல்லாத வணிக ஒப்பந்தம் என்றால் உரிமையாளர் ஏறக்குறைய ஆறு மாத அவகாசத்தில் முடித்துவிடலாம். அதனால் உலைக்களம், அச்சு இயந்திரம் என்று நகர்த்த முடியாத எதையும் போடுவதாக இருந்தால் ஐந்து வருடமாவது உறுதியாகக் கேளுங்கள். நீட்டிக்கும் உரிமை உங்கள் பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து மின்சாரம், வெப்பமூட்டல், குப்பை போன்ற கூடுதல் செலவுகள். கூட்டாக எடுத்தால் யார் எவ்வளவு என்று முதல் நாளே எழுதிக்கொள்ளுங்கள். டாஹெலஸ் உள்ளிருந்து உடைந்தது அங்கேதான்.

கட்டடம் கைமாறினால் என்ன ஆகும் என்றும் கேட்பார்கள். சாதாரணமாக விற்றால் புது உரிமையாளரும் உங்கள் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவர். ஆனால் கடனுக்காக நீதிமன்ற ஏலத்தில் போனால், காலக்கெடு மீதமிருந்தாலும் ஏலத்தில் எடுத்தவர் சட்டப்படியான அவகாசம் கொடுத்து உங்களை வெளியேற்ற முடியும். எனவே ஊரில் நிலம் வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போல இங்கேயும் அந்தக் கட்டடத்தின் மேல் அடமானம் எவ்வளவு என்று விசாரியுங்கள். பதிவேட்டைப் பார்க்கச் சட்டப்படியான காரணம் காட்ட வேண்டும். ஒப்பந்தம் பேசும் நிலையில் உரிமையாளரிடமே நகல் கேட்பது சுலபம்.

இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்றால், 1993 முதல் நகரம் நடத்தும் பட்டறைத் திட்டத்தில் விண்ணப்பியுங்கள். நகரம் இடம் பிடித்து, நடுவர் குழு மூலம் தேர்ந்தெடுத்த கலைஞர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடும். வரிசை நீளம். அந்த இடங்களிலும் பல, நகரம் தனியாரிடம் வாடகைக்கு எடுத்தவைதான். அதனால் அங்கே கையெழுத்துப் போடும்போதும், நகரத்தின் ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.